தண்ணீர் விழும் சனிக்கிழமை

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் ரோட்டோரம் வீடு வைத்திருப்பவனிடம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?" விழுந்தால் விழுகிறது என்பேன். வாய் அதோடு நிற்காது. "கிளம்பி வாங்க, நம்ம வீட்லயே சாப்பிடலாம்" என்று சேர்த்துச் சொல்லும். இந்தப் பக்கத்துக்காரன் எவனுக்கும் அதைச் சொல்லாமல் போனை வைக்கத் தெரியாது.

எனக்கு இயல்பிலேயே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு அது முற்றிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு அவள் தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஓடும். பிந்திப்போனால் அடுத்தவருக்குக் கட்டில் வேண்டுமே, பிந்தின நேரத்தைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த நாளில் அவளுக்கு மூச்சு வாங்கும். சீசனில் அந்தச் சின்னத் தூரத்தைக் கடப்பதற்குள் நான் பத்து முறை கடிகாரம் பார்ப்பேன்.

அதனால்தான் ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தபோது மறுபேச்சுப் பேசவில்லை. சிவப்புப் பெயின்டால் சுவரில் கோடு போட்டார்கள். முன்னறையில் பாதி போயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர்தான் முணுமுணுத்தார்.

"ரோடு பெருசானா காரும் பெருகும் அண்ணாச்சி. ஊருக்குள்ள நுழையுற எடம் பழையபடி குறுக்கந்தான? இங்கன பறந்து போய் அங்கன நிக்கப் போறோம்."

"உம்ம வீட்ல நோயாளி இருந்தா தெரியும்வே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

ரோடு முடிந்தது. சீசனுக்கு முந்தி ஐந்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணி விழுதா என்று கேட்டவர்களிடமெல்லாம், "ரோடும் அகலமாயிட்டு, வழுக்கிக்கிட்டு வரலாம்" என்றேன். தூத்துக்குடியில் இருக்கும் மைத்துனரிடமும் அதையேதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை ஏழரைக்கு ஆட்டோவில் ஏறினோம். புது ரோட்டில் பறந்தோம். ஊருக்குள் ரோடு சுருங்கும் இடத்தில் நின்றுவிட்டோம். எதிரே குற்றாலத்துக்குப் போகும் கார்கள் எங்கள் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு மூன்று வரிசையாக நின்றன. போன் அடித்தது, மைத்துனர்.

"அத்தான், தென்காசிக்குள்ள அரை மணி நேரமா அப்படியே நிக்கோம். அகலமாயிட்டுன்னு சொன்னிய?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வரிசையில் நாலாவது வண்டி அவருடையது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பக்கத்தில் இருந்த மனைவியையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன்.

"இறங்குங்க, நடப்போம்" என்றாள். ஊசி ஏற்றும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாரலில், கார்களுக்கு நடுவே நடந்தாள். நான் முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

"நீங்க பறந்து என்ன செய்ய? நான்லா போய்ச் சேரணும்" என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். முக்கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டார்கள். கட்டில் பக்கத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மதுரையிலிருந்து பழைய கூட்டாளி கூப்பிட்டான். "தண்ணி விழுதாப்பா?"

ஐந்தருவியில் ஐந்தும் கொட்டிக்கொண்டிருந்தன. "இல்லப்பா, வெறும் பாறைதான்" என்றேன். அருவி விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அண்ணே, இவுக பொய் சொல்லுதாவ. தண்ணி நல்லா விழுது. கட்டாயம் வாங்க, நம்ம வீட்லயே சாப்பிடலாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வா, வியாழன், சனி மட்டும் வேண்டாம்ணே. அன்னைக்கு எனக்கு ரோடு வேணும்."