மலர்ந்தா, சரிந்தா, கவிழ்ந்தா

என் கணவரின் இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. காலையில் எழுந்ததும் அந்தக் கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அது காப்பி டம்ளரைப் பிடிக்க அரை மணி நேரமாகும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். பத்து விரலும் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். மாமனாருக்கும் முதலில் இதே இடது கைதான் மரத்தது. பிறகு ஒரு பக்கமே விழுந்து, நான்கு மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பயத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

போதாக்குறைக்கு அந்தக் கை முழுவதும் தடிப்புத் தடிப்பாகக் கொசுக்கடி. இடது கையில் மட்டும். கொச்சியில் கொசு கடித்தால் யானைக்கால் நினைவு வராதவர்கள் கிடையாது. எனக்கானால் பக்கவாதத்துக்குப் பயப்படுவதா யானைக்காலுக்குப் பயப்படுவதா என்றே தெரியவில்லை. கொசுவலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து இரண்டு முறை ஓட்டை தேடினேன். ஒரு ஓட்டையும் இல்லை. கொசு எந்த வழியாக வருகிறது, வந்தது ஏன் வலது கையைத் தொடுவதில்லை, பக்கத்தில் படுத்திருக்கும் என்னை ஏன் விட்டுவிடுகிறது?

போட்டேறி எர்ணாகுளம் போய் டாக்டரைப் பார்த்தோம். அவர் நெஞ்சைப் பார்த்தார், முழங்கையில் தட்டிப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்லை, படுக்கை சரியில்லாமல் இருக்கும், அதைக் கவனியுங்கள்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இதைக் கேட்கவா காயலைத் தாண்டி வந்தோம்?

ஆனாலும் படுக்கையைக் கவனித்தேன். கல்யாணத்துக்கு வந்த பஞ்சு மெத்தை நான்கு மழைக்காலம் கண்டு கட்டி கட்டியாகிச் சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டிலின் மரச்சட்டம் துருத்திக்கொண்டு நின்றது. புது மெத்தைக்கு வசதியில்லை. மேலே விரிக்க மெலிசாக ஒன்று வாங்கலாம் என்று பஜாரில் மெத்தைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரச் சேட்டன் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று இலவம்பஞ்சு. இன்னொன்று தேங்காய் நாரில் ரப்பர் பால் விட்டு அழுத்தியது. மூன்றாவது அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த ஸ்பாஞ்சு. நான் மூன்றையும் அமுக்கிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. அப்போது அவர் கேட்டார்:

"ஆள் மலர்ன்னாணோ, சரிஞ்ஞாணோ, கமிழ்ன்னாணோ கிடக்குன்னது?"

மல்லாந்து படுப்பவருக்கு நார், சரிந்து படுப்பவருக்கு ஸ்பாஞ்சு, கவிழ்ந்து படுப்பவருக்குப் பஞ்சு என்பது அவருடைய சாஸ்திரம். மாற்றி வாங்கினால் வலி கூடுமாம். நான் மறுபடியும் மெத்தைகளை அமுக்க ஆரம்பித்தேன்.

"பார்ய அல்லே?" என்றார் சேட்டன். மனைவிதானே நீ, இதுகூடத் தெரியாதா என்று அர்த்தம். முகம் சிவந்து, பிறகு வருகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை நாலு மணிக்கு. குடத்தோடு நான் எழுந்திருக்கும்போது கொசுவலைக்குள் அவர் ஒரு போர்வை மூட்டை. படுக்கப் போவதும் விளக்கணைத்த பிறகுதான். நாங்கள் ஒட்டுறவில்லாமல் இருந்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தொட்டிலில் இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆனால் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

அவரிடமே கேட்டேன். "நீங்க எப்படிப் படுத்துண்டு தூங்கறேள்?"

"கண்ணை மூடிண்டாக்கும்."

"விளையாடாதீங்கோ. மல்லாந்தா, சரிஞ்சா?"

"தூங்கறவனுக்கு எப்படிடீ தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டேன். அவள் தன் வீட்டுக்காரர் குப்புறப் படுப்பதாகவும், ஆண்கள் எல்லோருமே அப்படித்தான் என்றும் அடித்துச் சொன்னாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நானும் மகளும் கூடத்தில் படுக்கிறோம், முழுக் கட்டிலும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அரை மணி கழித்துப் போய்க் கதவருகில் நின்றேன். வெளியே நல்ல மழை.

மல்லாந்தும் இல்லை, சரிந்தும் இல்லை, கவிழ்ந்தும் இல்லை. அத்தனை பெரிய கட்டிலில் மனுஷர் இடது ஓரத்தில், விழுந்துவிடுவார் போல ஒட்டிக்கொண்டு கிடந்தார். பாதி உடம்பு மெத்தையில், பாதி சட்டத்தின் மேல். சட்டம் அக்குளில் அழுந்த, இடது கை வெளியே தொங்கியது. வலை கட்டியிருந்தால் அந்தக் கை வலையோடு ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். கொசுவுக்கு ஓட்டை எதற்கு?

மரப்பும் கொசுக்கடியும் புரிந்தன. ஏன் இப்படிக் கிடக்கிறார் என்று புரியவில்லை. தோளைத் தட்டி எழுப்பினேன்.

"ஆளே இல்லாத கட்டில்ல எதுக்கு இப்படி ஓரத்துல கிடக்கறேள்?"

தூக்கக் கலக்கத்தில் விழித்தார். "பழகிப்போச்சு. நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"கல்யாணம் ஆன புதுசுல. யாராவது மேல பட்டா எனக்குத் தூக்கமே வராதுன்னு சொல்லிட்டுப் பாயைத் தூக்கிண்டு போனியே."

எனக்கு முதலில் நினைவே வரவில்லை. வந்தபோது உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி ஐந்தாம் நாள். நான் தூரமாகிவிட்டேன். மாதாமாதம் வரும் அந்த மூன்று நாளும் தனிப் பாயில் படுக்க வேண்டும், எங்கள் வழக்கம் அது. என் பிறந்த வீடாக இருந்தால் யாரும் யாரிடமும் சொல்லவே வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். இவர் வீட்டில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, மாமனாரும் இவரும் மட்டும். ஐந்து நாள் பழகிய ஆணிடம் அதை எந்த வாயால் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பாயோடு வெளியே போனேன். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினேன், சொன்னதை மறந்தும் போனேன். அடுத்த மாதங்களில் விஷயத்தைச் சொல்லக் கூச்சம் போய்விட்டது. முதலில் சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

இந்த மனுஷர் அதை நான்கு வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

"உங்களுக்கு மூளை இருக்கா? ஒரு வார்த்தை கேட்கப்படாதா?" என்று கத்தினேன். கூடத்தில் தூங்கிய குழந்தை விழித்து அழுதுகொண்டே வந்தது. நானும் அழுதேன். எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்று புரியாமல் அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "எங்காத்துல பொம்மனாட்டி யாரும் இல்லியே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைசியில்.

மெத்தைக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. சேட்டனுக்குச் சொல்ல என்னிடம் அப்போதும் பதில் இல்லை. அன்று விளக்கணைத்த பிறகு அவரை இழுத்து நடுவில் போட்டேன்.

காலையில் குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். நிறைந்ததும் தூக்க முடியவில்லை. என் இடது கை மரத்திருந்தது. ராத்திரி முழுக்க அவர் தலை அதன் மேல்தான் இருந்தது.