ஏர்பேக்குக்குப் பட்டா கேட்டவன்

பழைய கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் பார்த்ததை எல்லாம் சொல்வேன். அதற்குப் பிறகு, பார்க்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வாயெடுப்பேன். கேட்டவர் அதற்குள் எழுந்து போயிருப்பார். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுத்தென்றால் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

கார் என் மனைவிக்கு. நன்னிலத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அவள் தலைமை ஆசிரியை. எனக்குக் கார் ஓட்ட வராது. மூன்று முறை கற்றுக்கொண்டேன்; மூன்று முறையும் களைத்துப்போனவர் சொல்லிக்கொடுத்தவர்தான். ஆகவே ஓட்டப்போவது அவள், வாங்குவதற்கு முன்னால் ஆராயப்போவது நான் என்று வேலை பிரிந்தது. ஓட்டத் தெரியாதவன்தான் விருப்பு வெறுப்பில்லாமல் ஆராய்வான் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

விற்றவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தார். நான் நிலம் வாங்குகிற மாதிரி அந்தக் காரை வாங்கினேன். எங்கள் பக்கத்தில் எதையும் வேறு மாதிரி வாங்கத் தெரியாது. வில்லங்கம் உண்டா, வங்கிக் கடன் நிற்கிறதா, போலீஸ் அபராதம் பாக்கியா என்று பார்த்தேன். புயல் மழையில் தண்ணீரில் நின்ற வண்டியோ என்று காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் அடியில் படுக்கவைத்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். நல்ல குடும்பம் என்றார்கள். அது பிரேக்கைப் பற்றிய சான்றிதழ் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்போது ஆடி மாதம். வண்டியை எடுத்துக்கொள்ளலாம், பெயர் மாற்றுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆடியில் ஓட்டினால் குற்றமில்லை, எழுதினால்தான் குற்றம் என்கிற நுட்பமான சட்டத்தை இரண்டு வீட்டாரும் ஒரே மூச்சில் கண்டுபிடித்தோம். ஆவணி பிறப்பதற்குள் அவருக்கு லீவு முடிந்தது. படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அந்தப் படிவங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. வண்டி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

தையில் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் அதிராம்பட்டினத்தில் கடை வைத்திருப்பவர். பேச்சு வண்டியில் வந்து நின்றது. அவரிடமும் அதே கார், அதே வருடத்து மாடல்.

"ஏர்பேக் மாத்திட்டீங்களா?" என்றார்.

"எதுக்கு மாத்தணும்? இதுவரைக்கும் வெடிக்கவே இல்லிங்களே."

"வெடிக்கும்போதுதாங்க பிரச்சினை."

அப்பளத்தை நொறுக்கியபடியே விளக்கினார். வண்டி மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு பை ஊதிக்கொண்டு வந்து ஓட்டுகிறவரைத் தாங்கும். அதை ஊதுவதற்கு உள்ளே ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. அந்த வருடத்து வண்டிகள் சிலவற்றில் குப்பியில் கோளாறு. பையை ஊதுவதற்குப் பதில் குப்பியே சிதறி, துண்டுகள் ஓட்டுகிறவர் முகத்தில் பாயலாம். கம்பெனி அந்த வண்டிகளைத் திரும்ப வரச்சொல்லி, காசு வாங்காமல் மாற்றித் தருகிறது.

"எனக்கு லெட்டர் வந்துச்சு. போயி மாத்திட்டு வந்துட்டேன். உங்களுக்கு வரலியா?"

வரவில்லை. எங்கே வரும்? பாயசம் இலையில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பந்தியில் என் மனைவி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அந்தக் குப்பிக்கு நேரே முகத்தை வைத்துப் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தவள். ஸ்டியரிங்குக்கு ரொம்பவும் நெருங்கி உட்காருவது அவள் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் போன் செய்தேன்.

"ஆமா சார், அந்தக் கம்பெனியிலேருந்து ஏகப்பட்ட போன். ஏதோ சர்வீஸ் பேக்கேஜ் விக்கிறாங்கன்னு பிளாக் பண்ணிட்டேன்."

"லெட்டர் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சாம் சார். காரதான் வித்தாச்சே, நமக்கு எதுக்குன்னு அண்ணன் வாங்காமத் திருப்பி அனுப்பிட்டாரு."

கோபப்பட முடியவில்லை. அந்தக் குடும்பம் நல்ல குடும்பம்தான். தனக்கு உரிமையில்லாத ஒரு கடிதத்தைக்கூட வாங்கிக்கொள்ளாத குடும்பம்.

இனி அடுத்தது என்ன? இங்கேதான் என் மூளை வயல் வரப்பில் இறங்கி நடந்தது. எங்கள் நிலத்துக்கு வெள்ள நிவாரணம் இன்னமும், காலமாகிவிட்ட பெரியப்பா பெயரில்தான் அறிவிக்கப்படுகிறது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. பயிர் காப்பீடா, பம்புசெட் இணைப்பா, எதுவானாலும் பட்டாக்காரர் வந்து நிற்க வேண்டும். ஆகவே ஏர்பேக்கும் பட்டாக்காரருக்குத்தான் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. விற்றவரிடம் ஓர் அதிகாரக் கடிதம், ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் கேட்டேன்.

"சின்ன விஷயம் சார். வெள்ளிக்கிழமை லீவு, அனுப்பிடறேன்."

மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. முதல் வாரம் பிரிண்டர் இல்லை. இரண்டாவது வாரம் ரூம் மாறினார். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது, கையெழுத்து இல்லாமல்.

அதுவரை என் மனைவி காரைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். நான் போடும் உத்தரவுகளில் பத்தில் ஒன்றை அவள் கேட்பாள், இதைக் கேட்டாள். அதனால் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் மொபெட்டில்.

அது மாசி மாதம், சம்பா அறுவடை நேரம். தார்ச்சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வைக்கோல் லாரிகள். மனைவி பின்னால் ஹெல்மெட் இல்லாமல், மடியில் நோட்டுப் புத்தகக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினேன். சக்கரம் நெல்லில் ஏறியது. நெல்மணிமேல் மொபெட்டை நிறுத்துவது ஐந்தாறு படி கோலிக்குண்டின்மேல் நடப்பதற்குச் சமம். இரண்டு பேரும் நெல்லில் சாய்ந்தோம். நல்லவேளை, அடி பெரிதாக இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, சேலையில் கிழிசல்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் கோலைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"டீச்சர், கார் எங்க டீச்சர்?"

"அதுல போனா ஆபத்துன்னு சார் இதுல கூட்டிட்டு வர்றாரு" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் உயரத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சிதறிய நெல்லை அவளோடு சேர்ந்து கூட்டிக் குவித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

"ஏங்க, அந்த வண்டி என்னைக்காவது ஒருநாள் மோதினாதான் எனக்கு ஆபத்து. இதுல ஏறினாலே ஆபத்து" என்றாள் வழியில்.  

அன்று நான் பள்ளியிலேயே தங்கிவிட்டேன். மதிய இடைவேளையில் அவளே தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து. நான் வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி இருந்தேன்.

"சேசிஸ் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றது ஒரு பெண்குரல்.

ஆர்.சி. அட்டையைப் பார்த்துப் பதினேழு எழுத்தையும் எண்ணையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"ஆமா மேடம், இந்த வண்டிக்கு ஏர்பேக் மாத்தணும். மூணு வருஷமா பெண்டிங் காட்டுது."

"ஆர்.சி. எங்க பேர்ல இல்லம்மா. பழைய ஓனர் வெளிநாட்டுல இருக்காரு."

"அதனால என்ன மேடம்? நாங்க வண்டிக்குத்தானே மாத்தறோம், ஆளுக்கு இல்லியே. நீங்களே கொண்டாங்க."

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத வாங்கறதுக்கு முன்னாடியே பாத்திருக்கலாமாம்மா?"

"பாக்கலாம் மேடம். கம்பெனி வெப்சைட்ல அந்த நம்பரப் போட்டாப் போதும். போன்லயே வந்துடும்."

விலை பேசுவதற்கு முன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், பதினேழு தட்டு. நான் விரிப்பை முகர்ந்த நேரத்தில் இரண்டு தடவை தட்டியிருக்கலாம். மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை, அவர் பாவம், கண்ணுக்குத் தெரிகிற கோளாறைப் பார்க்க வந்தவர். வாங்கப்போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான்: முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். ஏர்பேக் மாற்றுவது பாக்கி இருந்தால் விற்கிறவரையே அதை முடித்துக்கொண்டு வரச்சொல்லுங்கள். அவருக்கும் அது இலவசம்தான். பெயர் மாற்றத்தையும் நல்ல மாதத்துக்குக் காத்திராமல் செய்யுங்கள். அடுத்த கடிதம் உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமே.

உதிரிபாகம் வந்துசேரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவள் இரண்டு பஸ் மாறிப் போனாள். மொபெட்டின் பேச்சே எழவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவளைத்தான் போடச் சொன்னார்கள். பட்டாவை யாரும் கேட்கவில்லை.

திரும்புகையில் கும்பகோணத்தைத் தாண்டிய பிறகு, அறுத்த வயலிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று சாலையேறியது. நூறு இருக்கும், அவசரமே இல்லாமல். ஹார்னை ஸ்டியரிங்குக்கு நட்ட நடுவில், அந்தப் பைக்கு நேர் மேலே வைத்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்தினாள், நீளமாக.

"கண்ணத் தொறங்க. வாத்து போயிடுச்சு" என்றாள்.