அவர் நிற்கக்கூடாத இடங்கள்

என் கணவரை விட்டு எஸ்டேட் லயத்தில் அம்மாவின் வீட்டுக்கு வந்த பிறகு, அவர் இல்லாத இடமே இல்லையென்று ஆகிவிட்டது. தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே நிற்பார். வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மருந்துக்கடை வாசலில் நிற்பார். கிட்டே வரமாட்டார், சத்தம் போடமாட்டார். கையில் எனக்கென்று ஒரு குடையோ வடைப் பொட்டலமோ இருக்கும். “இப்படி ஒரு மனுசனயா விட்டுட்டு வந்த?” என்று கூட வேலை செய்த பெண்கள் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்கள்.

கதவைத் தாழ் போட்ட பிறகு அந்த மனிதர் எப்படி மாறுவார் என்று அவர்களுக்குத் தெரியாது. கழுத்தில் கை வைத்து, குரலை உயர்த்தாமல், “இன்னைக்கு யார்கிட்ட சிரிச்ச?” என்று கேட்பார். பதில் வரும்வரை கையை எடுக்கமாட்டார்.

ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். பஸ்ஸை விட்டு ஜீப்பில் போனேன். எப்படி மாற்றினாலும் எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன். கடைசியில் பீர்மேட்டில் இலவச சட்ட உதவி வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன்.

அவர் மலையாளத்தில் மனுவை எழுதி, எனக்குப் புரியும்படி தமிழில் வாசித்தார். ‘தினமும் குடித்துவிட்டு அடிப்பார்’ என்று ஒரு வரி வந்தது.

“மேடம், அவரு குடிக்க மாட்டாரு. பீடிகூடக் கிடையாது.”

“பெரும்பாலும் அப்படித்தானே வரும், அதான் எழுதிட்டேன்.”

“அவர ஒருதடவ பாத்தவங்ககூட இது பொய்யின்னு சொல்லிருவாங்க மேடம். அப்புறம் மத்ததையும் நம்ப மாட்டாங்க.”

வக்கீலம்மா அந்த வரியை அடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “சரி, நடந்தத மட்டும் சொல்லுங்க.” கழுத்து, தாழ்ப்பாள், குடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதும் இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

என் கணவருக்குக் கோர்ட் நோட்டீஸ் போன சில நாட்களில், என்னோடு ஃபாக்டரியில் வேலை செய்யும் அவருடைய அக்கா ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே என்னைத் தேடி வந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்.

“ஏட்டி, நீ எந்த ஷிப்டு, எதுல போறன்னு அவங்கிட்டச் சொன்னது நாந்தான். சேந்துருவீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள் அவர் துண்டை விலக்கினார். விரல் பட்ட இடமெல்லாம் கன்றிக் கிடந்தது. எனக்கு வேறு ஆள் இருக்கிறான் என்று கோர்ட்டில் சொல்லும்படி தம்பி கேட்டானாம். முடியாது என்றதும் எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டானாம்.

“கூடப்பொறந்தவன்டி” என்றார். “வாங்க மதினி, வக்கீலம்மாகிட்ட போவோம்” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோர்ட்டில் என் கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “பொண்டாட்டி பத்திரமா வீடு போறாளான்னு பாக்கது தப்பா சார்?” என்று பணிவாகக் கேட்டார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது!

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பி, “பேடியுண்டோ?” என்றார். பயமா என்று கேட்கிறார். மலையாளத்தில் பேசிப் பழகி வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அவரு நிக்காத எடத்துலயும் நான் அவரத் தேடிப் பாக்கேன் சார். பஸ்ஸுல, கடையில, வீட்டுல, எங்கயும் என்னால ஒழுங்கா உக்கார முடியல.”

அடுத்து மதினி எழுந்தார். தம்பியைப் பார்க்காமல், நடந்ததைச் சொல்லித் துண்டை எடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார்.

அன்றே இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஃபாக்டரி கேட், லயம், பஸ் நிறுத்தம் எங்கும் அவர் வரக்கூடாது, ஆள் விட்டும் போனிலும் பேசக்கூடாது. நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது வேறொரு பதற்றம். இந்தக் காகிதத்தை மீறினால் என்ன செய்வேன்?

மீறினார். ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நிறுத்தத்திலேயே, அதே மருந்துக்கடை வாசலில் நிற்கிறார். கால் ஓடச் சொன்னது. ஓடவில்லை. அங்கேயே நின்று போலீசுக்குப் போன் செய்தேன். ஜீப் வரும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“மாத்திரை வாங்க வந்தேன் சார்” என்றார். போலீஸ்காரர் உத்தரவை வாசித்துக் காட்டி, ஜீப்பில் ஏறச் சொன்னார். மீறியதற்குத் தனி வழக்கு வந்தது. அதன் பிறகு அவர் கம்பம் பக்கம் போய்விட்டார். இறுதி உத்தரவும் என் பக்கமே வந்தது.

மதினியின் வீட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் இப்போது வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். போனதும் கதவைத் திறந்தே வைக்கிறோம். மழை அடித்து உள்ளே வந்தாலும் இரண்டு பேருமே எழுந்து சாத்துவதில்லை.