அண்ணியின் கறைத்துணி

எங்கள் சலவைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கறையோடு வரும் துணியை முதலில் அண்ணி முகர்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன் மேல் தண்ணீரோ நீராவியோ படும். வாடிக்கையாளர் வாயால் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை. டீ என்று கொடுப்பார்கள், காபியாக இருக்கும். சாஸ் என்பார்கள், லிப்ஸ்டிக்காக இருக்கும். அண்ணி கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் சீட்டில் சாஸ் என்றே எழுதுவார். அவருக்கு அந்தப் பெரிய மனசு மட்டும் இல்லாவிட்டால் இந்தத் தெருவில் பாதிக் குடும்பம் இரண்டாகியிருக்கும்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. கடையின் பின்னறையில் ஜன்னலோரமாகக் கறை எடுக்கும் மேசை இருக்கிறது. தகடு அடித்த பலகை, தலைக்கு மேலே நீராவிக் குழாய், கைக்கு எட்டும் தூரத்தில் ஆறு குட்டி பாட்டில்கள், தேய்ந்துபோன பிரஷ்கள். முப்பது வருடமாக அதுதான் அவருடைய இடம். கவுன்டரில் அண்ணன். இஸ்திரியும் டெலிவரியும் நான். எனக்கு வாய் நீளம் என்பதால் கவுன்டர் பக்கம் விடமாட்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு கோட்டு வந்தது. கொண்டுவந்தவர் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"டீ கொட்டிடுச்சும்மா," என்றார்.

அண்ணி முகர்ந்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை முகர்ந்தார். அன்றைக்கு என்ன வந்ததோ, அத்தனை வருட வழக்கத்தை மீறி வாயைத் திறந்துவிட்டார்.

"டீ இல்லீங்க. இது பிராந்தி. ரொம்ப நாள் மரத்துக்குள்ள கிடந்திருக்கு. கடைசியா வேற ஒரு மரத்துக்கு மாத்தியிருக்காங்க. அதுல முன்னாடி ஏதோ இனிப்பான பழரசம் இருந்திருக்கு."

மனுஷருக்குக் கோபம் வரும் என்று நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். அவரோ கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அண்ணியையே பார்த்தார். அது இருபது வருடம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த பிராந்தியாம். கடைசி ஒரு வருடம் இனிப்பு ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றினார்களாம். பாட்டில் மேல் பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் காய்ந்த கறையிலிருந்து ஒரு பெண்மணி படித்துச் சொல்லிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அப்படித்தான் அண்ணி, அவர் இருந்த ஒரு வட்டத்துக்குள் போனார். பீப்பாயில் வருடக்கணக்காக ஊறிய மதுவகைகளை வாங்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடி, ருசி பார்த்து, மதிப்பெண் போட்டு, நாலு பக்கப் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதும் ஏழு பேர் கொண்ட வட்டம். அண்ணி எட்டாவது ஆள், ஒரே பெண். ஆடிட்டர் ஒருவருடைய அலுவலகத்தின் மாடியறையில், ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே கூட்டம் நடக்கும்; அவரவர் பாட்டில்களும் அந்த அலமாரிகளில்தான். தலைவர் ஒரு பல் டாக்டர்.

"அண்ணி, நாம துணியை வெளுக்கறோம். ஊரு நம்மள வெளுக்கப் போகுது," என்றேன்.

"குடிக்கறதுக்கா போறேன்? ஒரு ஸ்பூன் வாயில வெச்சுட்டுத் துப்பிடுவேன் தம்பி."

அண்ணனிடம் முறையிட்டேன். அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்தாமலேயே, "மூக்கு அவளுது, முடிவும் அவளுது," என்றார். எங்கள் அண்ணன் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார். அந்த வருடத்துக் கணக்கில் ஒன்று அது.

வட்டத்தில் மற்றவர்கள் வனிலா, டாஃபி, ஓக் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அண்ணி தனக்குத் தெரிந்ததை எழுதினார். 'மழைக்காலத்தில் மடித்து வைத்த கம்பளிக் கோட்டைப் பிரித்த மாதிரி.' 'புதுச் செருப்புப் பெட்டியின் மூடி.' ஒரு விலையுயர்ந்த விஸ்கிக்கு, 'ஈரச் சட்டையை அவசரத்தில் இஸ்திரி போட்டிருக்கிறார்கள்' என்று எழுதினார். நான் அடிக்கடி செய்கிற காரியம் என்பதால் அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. ஆறே மாதத்தில் வட்டத்தார் பத்திரிகையை வாங்கியதும் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்ப ஆரம்பித்தார்கள். அதுதான் அண்ணியின் பக்கம்.

அவர் வேலை செய்யும் முறையும் வேறு. மற்றவர்களுக்குக் கிளாஸ் போதும். அண்ணிக்குத் துணி வேண்டும். ஒரு பழைய வெள்ளைப் பருத்தி விரிப்பை எடுத்து, ருசி பார்க்கும் ஒவ்வொரு மதுவிலும் ஒரு சொட்டு அதில் விடுவார். பக்கத்தில் அழியாத மையால் எண் போடுவார். காய விட்டு, மறுநாள் முகர்வார். ஈரத்தில் எல்லாமே நல்லா இருக்கும், காய்ஞ்சாதான் உண்மை வரும் என்பார். நான்கு வருடத்தில் அந்த விரிப்பில் நூற்றுப் பன்னிரண்டு சொட்டுகள் விழுந்திருந்தன.

விஷயம் அண்ணியின் அண்ணன் காதுக்குப் போயிற்று. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கடைக்குள் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "பொம்பளை சரக்கைப் பத்தி எழுதறாளாம். குடும்பத்துக்கே கறைடி நீ."

அண்ணி கையிலிருந்த பிரஷை வைத்தார். "எந்த மாதிரி கறைன்னு சொல்லுங்கண்ணா. எடுத்துடறேன்."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் விறுவிறுவென்று வெளியேறினார். அண்ணிக்கு அது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அடுத்த மாதப் பத்திரிகையில் விமர்சனத்துக்குக் கீழே அவர் போட்டிருந்த பெயர்: கறை.

இனி பல் டாக்டரின் ரம் கதைக்கு வருகிறேன்.

டாக்டர் தன் அறுபதாவது பிறந்த நாளுக்காக வாங்கி வைத்திருந்த பாட்டில் அது. மெழுகு முத்திரை, தங்க எழுத்தில் 'இருபத்தொரு ஆண்டு'. அதை உடைத்து எல்லோருக்கும் ஊற்றினார். ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டினார்கள். ஆடிட்டர் மட்டும் முக்கால் பக்கத்துக்குப் பாராட்டி எழுதினார். அண்ணி சொட்டைத் துணியில் விட்டு, வீட்டுக்கு வந்து, மறுநாள் முகர்ந்து பார்த்து எழுதினார்: 'இது மரத்தின் முகத்தில் முழித்ததே இல்லை. நேற்றுப் பிறந்ததற்குச் சாயம் பூசி, சர்க்கரை ஊட்டி, இருபத்தொரு வயசு என்று பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.'

பத்திரிகை வெளியானதும் டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் இதை நிரூபிக்க வேண்டும். மூக்கு சொன்னது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. முடியாவிட்டால் எழுத்தில் மன்னிப்பு, அண்ணியின் கடைசிப் பக்கமும் அத்தோடு நிறுத்தப்படும்.

"போனா போகட்டும் அண்ணி. மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க," என்றேன். கடையின் மூக்கு ஊர்முன்னால் உடையப் போகிறதே என்ற பயம் எனக்கு.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷமா நான் பண்ற வேலையோட லட்சணம் என்ன தெரியுமா தம்பி? துணி திரும்பிப் போகும்போது நான் அதைத் தொட்டதே தெரியக்கூடாது. தெரிஞ்சா வேலை சரியில்லைன்னு அர்த்தம். அந்த ஒரு பக்கத்துலதான் நான் இருந்தேன்னு தெரியுது. அது போச்சுன்னா ஒண்ணுமே இல்ல."

முப்பது வருடமாகப் பக்கத்திலேயே நின்று இஸ்திரி போடுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி திடீரென்று பின்னறையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, பேண்டு மாஸ்டரோட வெள்ளைக் கோட்டு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறப்பேன்? பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் செய்த மகா பாவம் அது. டீக்கறையோடு வந்த ஈரக் கோட்டில், சீட்டைத் துருப்பிடித்த குண்டூசியால் குத்தி மாட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் லேசான டீக்கறை இருந்த இடத்தில் மையைக் கொட்டின மாதிரி கறுப்பு. டீயில் இருக்கும் துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் கறுத்துவிடும் என்பது சலவைக்காரன் பிள்ளைக்கு அரிச்சுவடி. நான்தான் கோட்டைவிட்டேன். பேண்டு மாஸ்டர் அன்றைக்கு என்னைப் பேசியதை இங்கே எழுத முடியாது.

"டீயில இருக்கற அதே துவர்ப்புதான் பீப்பாய் மரத்துலயும் இருக்கு," என்றார் அண்ணி. "இருபத்தொரு வருஷம் மரத்துக்குள்ள கிடந்தா துவர்ப்பு ஏறாம இருக்குமா?"

நானே துருப்பிடித்த குண்டூசிகளைப் பொறுக்கி எடுத்து வினிகரில் ஊறப்போட்டுத் துருத் தண்ணீர் தயார் செய்தேன். பதினோரு வருடம் கழித்து என் தப்பு ஒரு வேலைக்கு ஆகிறது என்றால் விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை சாட்சியாக நானும் போனேன். மாடியறையில் ஏழு பேரும் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஒரு புது வெள்ளைத் துணியை மேசையில் விரித்தார்.

"நான் எதையும் தொடமாட்டேன். டாக்டரே சொட்டு விடட்டும்," என்றார்.

டாக்டர் ஊசிக் குழாயால் வரிசையாக விட்டார். முதலில் ஆடிட்டர் குடித்துக்கொண்டிருந்த பால் சேர்க்காத டீ. அடுத்தது கப்பல்காரர் கொண்டுவந்திருந்த, ஐந்து வருடமே ஆன சாதாரண பிராந்தி. மூன்றாவது டாக்டரின் ரம். நாலாவது இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் துணி. நிறத்தில் ரம்தான் மூன்றிலும் அழுத்தம். மேசை விசிறியின் முன்னால் பிடித்துக் காய வைத்தார்கள். பிறகு நான்கு இடத்திலும் துருத் தண்ணீரை டாக்டரே விட்டார்.

வெறும் துணி லேசாக மஞ்சளானது. டீச்சொட்டு எங்கள் கண் முன்னால் கறுத்தது. பேண்டு மாஸ்டரின் திட்டு என் காதில் ஒலித்தது. பிராந்தி, விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கருஞ்சாம்பல் நிறமானது. ரம் அப்படியே பழுப்பாக, பாகு மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது.

"துணியில ஏதாவது இருக்கும்," என்றார் டாக்டர். தன் கைக்குட்டையை எடுத்து மறுபடி செய்தார். ஆடிட்டரின் கைக்குட்டையிலும் செய்தார். மூன்று துணியிலும் பிராந்தி கறுத்தது, ரம் அசையவில்லை.

அண்ணி எழுந்து, ரம் சொட்டு இருந்த இடத்தை மட்டும் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் முக்கி எடுத்தார். வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

"இருபத்தொரு வருஷம் மரத்தோட குடித்தனம் பண்ணினவரு இவ்வளவு சீக்கிரம் கிளம்பிடுவாரா டாக்டர்?" என்றார்.

ஆடிட்டர் முகத்தில் ஈயாடவில்லை. கப்பல்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணியின் விமர்சனம் வந்த பத்திரிகையை இழுத்துப் பேனாவை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். 'கறை' என்ற பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இனிமே நான் பாட்டில் வாங்கினா முதல் சொட்டு உங்க துணிக்கும்மா. அப்புறம்தான் என் வாய்க்கு," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆளாளுக்கு அலமாரியைத் திறந்து தங்கள் பொக்கிஷங்களை எடுத்துக்கொண்டு அண்ணிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், எங்கள் கடைக் கவுன்டரில் நிற்கிற மாதிரியே. பதினாறு பாட்டிலில் பதினான்கு கறுத்தன. சொட்டு கறுத்தவர்கள் பிள்ளை பாஸான மாதிரி கை குலுக்கிக்கொண்டார்கள். படியிறங்கும்போது அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "அந்தக் குண்டூசிக்குக் கோயில் கட்டணும் தம்பி," என்றார். எனக்கு இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கோட்டு. கவுன்டரில் நிற்காமல் நேராகப் பின்னறைக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"யாரோ பரிசாக் குடுத்தாங்க. நல்லதா போலியான்னு பாத்து சொல்லு," என்றார் தரையைப் பார்த்து.

அண்ணி ஒரு சொட்டு விட்டு, காய வைத்து, துருத் தண்ணீர் விட்டார். நன்றாகக் கறுத்தது. "நல்ல சரக்குண்ணா," என்றார். என் அண்ணன் கவுன்டரிலிருந்து சீட்டை நீட்டினார். அதில் 'கோட்டு ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது.

கிளம்பும்போது ஹெட்மாஸ்டரின் கண் ஜன்னலுக்கு மேலே போயிற்று. பழைய விரிப்பை அங்கேதான் விரித்து மாட்டியிருக்கிறோம். பழுப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் எண்.

"சலவைக் கடையில இப்படி ஒரு துணியா? இதைத் துவைக்கக்கூடாதா?"

"இந்தக் கடையில மத்ததெல்லாம் ஊராரோட துணிண்ணா. துவைச்சுக் குடுத்துடுவேன்," என்றார் அண்ணி. "இது என்னோடது."