கயிற்றில் இறங்கிய வான்கோழி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அப்பாவின் வேலை. மற்ற ஆறு நாளும் அம்மா சமைப்பார். ஞாயிறு காலை மட்டும் அப்பா அடுப்படியைக் கைப்பற்றிக்கொள்வார். கறியை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் கழுவுவார். அடி கனத்த அலுமினியச் சட்டியில் வதக்குவார். பன்னிரண்டு மணிக்கு நாலு பேரும் மேசையில் உட்கார்ந்தால் அவர்தான் பரிமாறுவார். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், அதனால் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.

போன மழைக்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஆட்டுக்கறி, நெய், தேங்காய்ப்பால் மூன்றும் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு அம்மா கொஞ்சமாகக் கறி வைத்தார். அப்பா எதிரே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். எங்கள் மூவருக்கும் கறி இறங்கவில்லை. தம்பி தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். அதை அப்பா பார்த்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கே தனியாகக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்கப்பா?"

"ஸ்டேஷன் பக்கம். பழைய ஆளுங்க வருவாங்க. நீங்க சாப்பிடுங்க. என்னால யாரும் நாக்கக் கட்ட வேணாம்."

அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு மணிக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். நாங்கள் கறி சாப்பிட்டிருந்தால்தான் அவருக்கு நிம்மதி. அதற்காகவே அம்மா கறி வைப்பார். அதற்காகவே நாங்கள் சாப்பிடுவோம். மூன்று பேர், யாருக்கும் ருசிக்காத கறி, காலியாக ஒரு நாற்காலி. இப்படியே நாலு மாதம் போனது.

என்னால் சும்மா இருக்க முடியாது. பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததிலிருந்து கொரிய மொழி வகுப்பு, மெழுகுவர்த்தி வியாபாரம், இணையத்தில் கேக் விற்பனை என்று ஒவ்வொன்றிலும் தலைகுப்புற விழுந்து எழுந்தவள். கேக் வியாபாரம் மூன்று மாதத்தில் படுத்துவிட்டது. மிஞ்சியது ஒரு சின்ன மின்சார ஓவனும், லத்தா பக்கத்து மொத்தக்கடையில் வாங்கிய நீளத் தகர அச்சும்தான். அந்த அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. அப்பாவுக்கு என்று தனியாக ஒன்று செய்யக்கூடாது. நாலு பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து வெட்டிச் சாப்பிடுகிற ஒன்று வேண்டும். அவருக்கும் ஆகவேண்டும், எங்களுக்கும் ருசிக்கவேண்டும்.

ஒரு காணொளியில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மீட்லோஃப் செய்துகொண்டிருந்தாள். கொத்துக்கறியை ரொட்டிபோலப் பிடித்து வேகவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுவது. மாட்டுக்கறிக்குப் பதிலாக வான்கோழி போட்டால் கொழுப்பு குறைவு, வயிற்றுக்கும் லேசு என்றாள். வான்கோழி! டிசம்பரில் பெரிய சூப்பர்மார்க்கெட்டின் உறைபெட்டியில் அது கிடக்கும். பண்டிகை முடிந்து ஜனவரி பிறந்திருந்தது. ஓடினேன். நெஞ்சுக்கறி இரண்டே பொட்டலம், ஒவ்வொன்றும் அரை வீசைக்குக் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட ஒரு கிலோ. இரண்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றை அந்த ஞாயிற்றுக்கு எடுத்துவைத்தேன். மற்றதை எங்கள் குளிர்பெட்டியில் ஐஸ் பாட்டில்களுக்கு நடுவே புதைத்தேன். எங்கள் பகுதியான மிங்கலா தாங்ஞுன்டில் மின்சாரம் முறைவைத்து வருகிற ஒன்று. ஐஸ் பாட்டில் இல்லாத குளிர்பெட்டி வெறும் அலமாரிதான்.

இரண்டு கத்திகளை இரண்டு கையில் பிடித்து, கட்டையில் வைத்துக் கொத்தினேன். டக்டக்கென்ற சத்தத்தில் மாடிப்படி முழுவதும் தெரிந்திருக்கும், எங்கள் வீட்டில் விசேஷம் என்று. கொத்திய கறியை அச்சில் நிரப்பி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் தம்பி கத்தியை வைத்தான். கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா, முக்குல ரோடு போடறாங்க. ஒரு லோடு கேட்டாங்கன்னா?"

"வாய மூடிட்டு தின்னுடா."

"மூடத்தான் முடியல. பல்லு மாட்டிக்கிச்சு."

அம்மா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமீ, இது கறியா, கேக்கா?" பர்மியத்தில் மகளை அழைக்கும் சொல்லோடுதான் அம்மாவின் தமிழ் எப்போதும் தொடங்கும்.

அப்பா வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சாயங்காலம் தேநீரோடு ஒரு துண்டு வைத்தேன். நெடுநேரம் மென்றார்.

"நல்லா இருக்கு பாப்பா."

பொய். அப்பாவின் பொய்க்கென்று ஒரு குரல் உண்டு, அன்பு அதிகமாகிவிட்ட குரல். இன்னும் கொஞ்சம் மென்றுவிட்டுக் கேட்டார்.

"கறியக் கழுவினியா?"

"கழுவாம? மஞ்சத்தூள் உப்பு போட்டு நாலு தண்ணி. நீங்க கழுவற மாதிரியே."

"முழுசா இருக்கையிலயா, கொத்தினதுக்கு அப்பறமா?"

"கொத்தினதுக்கு அப்பறம்தான். சல்லடையில கொட்டி, நல்லாப் பிழிஞ்சு…"

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தம் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அப்பாவை வழக்கமாக அழைக்கும் பர்மியச் சொல்லைக் கத்திக்கொண்டே அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

"கோ! நெஞ்சா? நெஞ்சு வலியா?"

"நெஞ்சில்ல… சிரிப்பு. உன் மக… கறிய துணி தொவைக்கிற மாதிரி தொவைச்சுப் புழிஞ்சிருக்கா!"

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மா கரண்டியாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு தானும் சிரித்தார்.

எனக்கோ பொறி தட்டியது. அந்த வெளிநாட்டுப் பெண் கழுவச் சொல்லவில்லை. கழுவாதே என்றும் சொல்லவில்லை. கொத்துக்கறியை ஒருத்தி சல்லடையில் போட்டுக் கழுவுவாள் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. எனக்கு, கழுவாத கறி சட்டியில் விழும் என்றே தோன்றவில்லை. வான்கோழிக்கு இருப்பதே கொஞ்சம் ஈரம், கொஞ்சம் பசை. அதையும் நாலு தண்ணீரில் போக்கிவிட்டு அது ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று வருத்தப்பட்டால் என்ன செய்வது?

மிச்சம் ஒரே பொட்டலம். அடுத்த வான்கோழி அடுத்த டிசம்பர்தான்.

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. ஞாயிறு காலை கறியை முழுசாகக் கழுவி, துணியால் ஒற்றி, பிறகுதான் கொத்தினேன். காளானையும் வெங்காயத்தையும் கேரட்டையும் பொடியாக அரிந்து, துளி எண்ணெயில் சுருள வதக்கி ஆறவைத்தேன். கொழுப்பு செய்யவேண்டிய வேலையைக் காளான் செய்யும். இரண்டு ரொட்டித் துண்டைப் பாலில் ஊறவைத்துக் குழைத்தேன். ஒரு முட்டை, இஞ்சி, பூண்டு, தட்டிப் பொடியாக நறுக்கிய எலுமிச்சம்புல், கொத்தமல்லி, மிளகு. உப்பு கொஞ்சம்தான். அந்தக் குறையை ஈடுகட்ட, தக்காளியும் புளியும் துளி வெல்லமும் சுண்டக் காய்ச்சி மேலே பூசினேன். பிசையும்போது விரல் நுனியை மட்டும் பயன்படுத்தினேன். அழுத்திப் பிசைந்தால் மறுபடியும் ரோடுதான்.

அன்று எங்கள் பகுதிக்கு மின்சாரம் ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. பதினொரு மணிக்கு அச்சு ஓவனுக்குள் போனது. அதே பதினொரு மணிக்கு அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். குடை கைக்கு வந்தது.

"அப்பா, இன்னைக்கு இருங்க. பன்னிரண்டுக்கு வெந்துடும். எல்லாருக்கும் இதுதான், வேற கறி இல்ல."

"ஏன் வேற கறி வைக்கல?" குரலில் கோபம். "உங்களுக்கு நல்லதா ஒண்ணு பண்ணச் சொல்லிருக்கேன்ல?"

"இது நல்லதுதான்பா."

"பாக்கலாம் பாப்பா," என்றார். பாக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் மாட்டேன் என்று அர்த்தம். படியில் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கிப் போனது.

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போய்விட்டது.

ஓவனின் சிவப்பு விளக்கு அணைந்ததை நான் நம்பவில்லை. கதவைத் தட்டினேன். தம்பி தலையை நீட்டி, "ஒரு மணி வரைக்கும்னாங்களே," என்றான். திறந்தால் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது, நடு பச்சை. எரிவாயு உருளை இரண்டு நாளைக்கு முன்பே தீர்ந்திருந்தது. காலையில் வதக்கிய மின்னடுப்பும் இனி எரியாது. காற்றுக்காகப் பால்கனிக்குப் போனேன்.

மூன்றாம் மாடிக்குக் கீழே, வாசல் ஓரத்தில் ஒரு பர்மிய அக்கா பெய்ன்மோ சுடுவார். அரிசிமாவில் தேங்காயும் வெல்லமும் போட்ட தடித்த பணியாரம் அது. வட்டத்தட்டில் மாவை ஊற்றி, கீழே கரி நெருப்பு வைப்பார். மேலே மூடி, அந்த மூடிமேலும் கரி நெருப்பு. திருப்பிப் போடவே மாட்டார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிவக்கும். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் அது ஓவன் என்று கண்ணில் பட்டது.

அப்பா இன்னும் போயிருக்கவில்லை. அந்த அக்காவின் அடுப்புப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா! போயிடாதீங்க! மீ போச்சு! அக்காகிட்ட நெருப்புக் கேளுங்க!"

பர்மியம் கலந்த எங்கள் பேச்சில் மின்சாரமும் 'மீ'தான், நெருப்பும் 'மீ'தான். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நிமிடம் ஆட்டுக்கறிச் சட்டியின் அடியில் கொஞ்சம் மணல் பரப்பி, அச்சை அதன்மேல் வைத்து, தட்டை மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துணியால் கட்டினேன். எங்கள் கட்டடத்தில் எல்லாப் பால்கனியிலிருந்தும் மணி கட்டிய கயிறு ஒன்று தெருவரைக்கும் தொங்கும். காய்கறி, செய்தித்தாள் எல்லாம் அதில்தான் ஏறும். எங்கள் கயிற்றின் கூடையில் சட்டி உட்கார்ந்தது. தம்பி கயிற்றைப் பிடித்தான்.

"மெதுவாடா, மெதுவா!"

"அக்கா, பறக்காத கோழிய மூணாம் மாடிலேர்ந்து பறக்க வைக்கிறோம், கொஞ்சம் மரியாதையா வேடிக்கை பாரு."

கீழே அப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கித் துணியை அவிழ்த்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு மேலேயிருந்தே தெரிந்தது. நாலு மாதமாகத் திறந்து திறந்து மூடிய சட்டி.

"எவ்வளவு நேரம்?" என்று கத்தினார்.

"நாப்பது நிமிஷம்! மேல நெருப்பு கொஞ்சம் கூட!"

"அது தெரியும், நீ போ."

நான் போகவில்லை. கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவுக்கு வாடிக்கையாளர் வரிசை. தன் இரண்டாவது கரியடுப்பில் சட்டியை ஏற்றி, முதல் சில நிமிடம் அவர் கவனித்தார். பிறகு இடுக்கியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பர்மியத்தில், அண்ணன் முறை வைத்து, "அகோ, உங்க நெருப்ப நீங்களே பாருங்க, எனக்கு மாவு கருகுது," என்றார். அப்பா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். மூடிமேல் கரியை ஓரமாக ஒதுக்கினார். கொஞ்சம் பொறுத்து நடுவில் ஒன்றைச் சேர்த்தார். சட்டியைக் கால் வட்டம் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமை அப்பா. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் அப்பா மூடியைத் தூக்கி, மூங்கில் குச்சியால் நடுவில் குத்திப் பார்த்தார். "தண்ணி தெளிவா வருது!" என்று மேலே பார்த்துக் கத்தினார். நாற்காலியில் ஏறி நின்று கூவும் குழந்தையின் குரல். கூடையில் சட்டி ஏறி, மணி அடித்தது. நாங்கள் இழுத்தோம்.

"வெட்டிடாதீங்க! நான் வரேன்!"

நான் வரேன். எங்கள் மூவருக்கும் கேட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா உடனே நாலாவது தட்டை எடுக்கப் போனார்.

மீட்லோஃபை இறக்கியதும் வெட்டக்கூடாது. பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், சாறு உள்ளே திரும்பிப் போகவேண்டும். படி ஏறும்போது அப்பா ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கவேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. முதல் மாடியில் செருப்புச் சத்தம் நின்றது. தக்காளிப் பூச்சு மினுங்கியது. இரண்டாம் மாடியில் நின்றது. எலுமிச்சம்புல் வாசனையும் கரி வாசனையும் கலந்து அறை நிறைந்தது. அவர் கதவைத் தள்ளியபோது அச்சின் ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்த சாறு அடங்கியிருந்தது.

கையில் கரியோடு மேசைக்கு வந்தவரை அம்மா குழாய்க்குத் துரத்தினார். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, கத்தியை வாங்கி, அவரே வெட்டினார். கத்தி வழுக்கவில்லை. முதல் துண்டு அம்மாவுக்கு, அடுத்தது தம்பிக்கு, எனக்கு, கடைசியாகத் தனக்கு. நாலும் ஒரே பருமன்.

"உப்பு கம்மி," என்றார் மென்றுகொண்டே.

"டாக்டர்…"

"உப்பு கம்மின்னுதான் சொன்னேன். நல்லா இல்லன்னு சொல்லலியே."

இது பொய்க் குரல் இல்லை. தம்பி இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினான். அப்பா அவன் தட்டில் ஒன்று வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். ஓரத் துண்டு, நன்றாகச் சிவந்தது. ஆட்டுக்கறிச் சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டி எடுத்துத் தின்கிறவர் அவர்.

அப்போது கயிற்று மணி அடித்தது. தம்பி போய் இழுத்தான். கூடையில் அப்பாவின் குடை. கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அகோ, ஸ்டேஷனுக்குப் போகலையா?"

அப்பா எழுந்து வந்து, ஒரு துண்டை வாழையிலையில் மடித்துக் கூடையில் வைத்து இறக்கினார். கம்பியில் சாய்ந்து சொன்னார்:

"இல்லம்மா. இன்னைக்கு வீட்டுல சாப்பாடு."