வீங்கிய மூடி

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவளுக்குக் கல்லுக்காரி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "வீட்டுல கல்லு கிடக்கு, போய்ப் பாக்கணும்" என்று கிளம்பியவளை, வண்டியில் கூட வரும் நர்ஸ் நிறுத்தி, "கிட்னியிலயா, பித்தப்பையிலயா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

வீட்டில் இருந்தவை தரையில் பொறுக்கிய கற்கள்தாம். அவற்றை ரப்பர் டிரம்மில் போட்டு, தண்ணீரும் சாணைப் பொடியும் சேர்த்து மூடி, மெஷின் மேல் படுக்க வைத்தால் அது வாரக்கணக்கில் உருண்டுகொண்டே இருக்கும். முதலில் கரடுமுரடான பொடி, பிறகு நைசான பொடி, கடைசியில் மெருகுப் பொடி. எல்லாம் சரியாக நடந்தால் கல்லில் முகம் பார்க்கலாம். பகல் முழுக்க சைரனைக் கேட்ட காதுக்கு, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்திலிருந்து வரும் அந்தக் கரகர சத்தம் இதமாக இருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கு அப்படி இல்லை. "அங்கயும் மெஷினு, இங்கயும் மெஷினு. என் காதுக்கு லீவே கிடையாதா?" என்பான்.

மாடிப் போர்ஷனில் அவனுடைய அக்கா இருந்தாள். புருஷன் கப்பலில் வேலை பார்த்தவர், இறந்து இரண்டு வருடமாகிறது. இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் ஒரு கல் பொறுக்கி வந்து கொடுப்பாராம். மகன் வீட்டோடு போய்விடலாம் என்று முடிவெடுத்து, டிக்கெட்டும் எடுத்த பிறகு, பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்த அக்கா கீழே வந்தாள்.

"இதுங்களையும் உன் மெஷின்ல போட்டுக் குடேன். கண்ணாடிக் கிண்ணத்துல வெச்சுக்கணும்."

"அண்ணி, சில கல்லு சரியா வராது. உடைஞ்சாலும் உடையும்."

"உனக்கு வராததா? ஒண்ணு குறையாமக் குடு, போதும்."

புகழ்ந்தால் இளகிவிடுகிறவள் கல்லுக்காரி. டின்னை வாங்கி வைத்துவிட்டாள். எல்லாக் கல்லையும் மொத்தமாகவே டிரம்மில் போட்டாள்.

முதல் பொடி முடிந்ததும் கற்களைக் கழுவினாள். கோழி முட்டை அளவு இருந்த வெள்ளைக் கல்லைக் காணோம். சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. அதுதான். கத்தி முனையால் கீறிப் பார்த்தாள்; சுண்ணாம்புபோல் மாவாக உதிர்ந்தது. மென்மையான கல்லைக் கெட்டிக் கற்களோடு போட்டால் கெட்டிக் கற்கள் அதை அரைத்துத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. போடுவதற்கு முன்னால் ஒரு கீறல் போட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று மாடி ஏறினாள். அண்ணி தரையில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கையில் புருஷனுடைய பழைய பனியன். அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "என்னம்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அண்ணி, டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். மற்றதையாவது பிரமாதமாக முடித்துக் காட்டிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள்.

மற்றதும் சொதப்பியது. மெருகுப் பொடியிலிருந்து எடுத்துத் துடைத்தால், கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள். பொடி போதவில்லையா? டிரம் காலியாக இருந்து கல்லோடு கல் மோதிக்கொண்டதா? டிரம் முக்கால் அளவு நிரம்பித்தான் இருந்தது. அப்படியென்றால் கரடுப் பொடி எங்கிருந்தோ உள்ளே வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் தட்டினாள். பழுப்புக் கல் ஒன்றில் நகம் நுழைகிற அளவு விரிசல் இருந்தது. ஊசியை விட்டுக் கிளறியதும் கறுப்பாகக் கொட்டியது மணல். முதல் பொடி அத்தனை கழுவலுக்கும் தப்பி அதற்குள் ஒளிந்திருந்து, ஒரு சிட்டிகை மணலாகவே எல்லாக் கல்லையும் கீறியிருக்கிறது.

அந்தக் கல்லை மெஷின் பக்கத்திலேயே ஒதுக்கி வைத்தாள். டிரம்மைச் சுரண்டிக் கழுவினாள். மற்றவற்றை மறுபடியும் நைசான பொடியில் போட்டு ஓட விட்டாள். பயண நாள் நெருங்கிய பதற்றத்தில், டிரம்முக்குள் காற்று சேராமல் இருக்க வழக்கமாகப் போடும் சோடா மாவை மறந்துவிட்டாள். தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றுவதும் விட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, நோயாளியை உள்ளே ஒப்படைத்துவிட்டு வரும் நர்ஸுக்காகக் காத்திருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"கல்லு எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு கீழ வந்தேன். உன் மெஷினு மூடி புஸ்ஸுன்னு வீங்கியிருக்கு. ஓரத்துல சேறு வழியுது. வெடிச்சிருமா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி, மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. கை ஈரமில்லாம!"

"பிடுங்கிட்டேன்."

"டிரம்மைப் பக்கெட்டுக்குள்ள நிமித்தி வைங்க. மேல துண்டைப் போடுங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டு மூடியில இருக்கற நட்டைக் கொஞ்சம் கொஞ்சமா, துளித்துளியாத் திருப்புங்க."

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். டிரம் பக்கெட்டில் இடிக்கும் ஓசை. "ஐயோ" என்றாள் அண்ணி.

"அண்ணி! அண்ணி!"

"ஒண்ணுமில்ல. சேலையெல்லாம் சேறு. இத பாத்ரூம்ல ஊத்திடட்டுமா?"

"ஊத்தாதீங்க! குழாய்க்குள்ள போனா சிமெண்டு மாதிரி இறுகிடும். பக்கெட்லயே இருக்கட்டும். கல்லை மட்டும் எடுத்து வைங்க."

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அது ஒரு நொடிதான்.

"வெள்ளைக் கல்லு எங்கம்மா?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஓடி வந்தாள். அடுத்த அழைப்பு, மூச்சுத் திணறும் ஒரு பெரியவர். இனிமேல் மறைக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை.

"கரைஞ்சு போச்சு அண்ணி. நான் பாக்காமப் போட்டுட்டேன். ரொம்ப நாளாவே தெரியும், சொல்லத் தைரியம் வரல. இப்ப நான் வண்டி எடுக்கணும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அன்று முழுக்க அது மறுபடி அடிக்கவில்லை. நர்ஸ், "என்னக்கா, முகமே செத்துப் போச்சு?" என்று கேட்டாள். அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். பெரியவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வீட்டில் அண்ணி ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். துண்டின் மேல் கற்கள் வரிசையாக இருந்தன. சேறு பக்கெட்டில் அப்படியே கிடந்தது.

"மிச்சம் எதாவது இருக்கா?"

கல்லுக்காரி சாமான் அலமாரியிலிருந்து, வெள்ளைக் கல்லின் மிச்சத்தைப் போட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்து நீட்டினாள். அண்ணி அந்தப் பட்டாணியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கடைசியாப் போனப்ப கொண்டாந்தது. பையில வெச்சா சட்டையெல்லாம் வெள்ளையாகுதுன்னு திட்டினேன் அவரை." தலை நிமிராமல் சொன்னாள். "உன் மேல கோவமாத்தான் இருக்கேன். நாளைக்கும் இருப்பேன். மாடிக்கு வந்தியே, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும் அண்ணி."

"விடு. மத்ததுக்கு என்ன பண்ணணும், சொல்லு."

இருவரும் சேர்ந்தே கழுவினார்கள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பொடியை அண்ணி நகத்தால் சுரண்டி எடுத்தாள். சோடா மாவைக் கல்லுக்காரி ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்து போட்டாள். அச்சகத்திலிருந்து வந்த கணவன் இருவரின் சேலையையும் பார்த்துவிட்டு டீ போடப் போனான்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் மெருகு முடிந்திருக்கவில்லை. அண்ணி வெள்ளைப் பட்டாணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரயில் ஏறினாள். விடைபெறும்போது தம்பியிடம்தான் பேசினாள். கல்லுக்காரியின் தோளை ஒருமுறை தொட்டதோடு சரி.

மற்ற கற்களைச் சில வாரம் கழித்துக் கணவன் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று சாயங்காலம் போன் வந்தது.

"நல்லாப் பளபளன்னு வந்திருக்கும்மா. அந்த விரிசல் விட்ட பழுப்புக் கல்லைக் காணோமே?"

"அது இங்கதான் இருக்கு அண்ணி. இனிமே மெஷின்ல போட முடியாது. விரிசல்ல பசை அடைச்சுப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"ஒண்ணும் அடைக்க வேண்டாம். ரயில் ஏறி நீயே கொண்டா. ரெண்டு நாள் தங்கிட்டுப் போ."

கல்லுக்காரி அடுத்த நாளே லீவு கேட்டாள்.