படைச் செலவைப் பற்றி நான் வாய் திறந்த நாள்

இலங்கையில் சண்டை நின்றிருந்த காலம் அது. ஒரு ஞாயிறு பின்னேரம் லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் இரண்டு பேர், மழைக்கோட்டும் தோள்பையுமாக. அங்கே சண்டை பிடித்த இயக்கத்துக்குப் பங்களிப்புக் காசு சேர்க்கிறவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் கணவர் உள்ளே கூட்டிவந்து இருத்தினார். வேறென்ன செய்கிறது?

மூத்தவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பதைத்தான் கேட்டார்.

"தங்கச்சி எந்த இடம்? ஊரில ஆர் இருக்கினம்?"

அதைக் கேட்டால் போதும், நான் உருகிவிடுவேன். ஒழுங்கை, கோயில் எல்லாம் சொன்னேன். இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் அம்மா தனியே இருப்பதையும், கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் கேட்டுக் காத்திருப்பதையும் நானே கொட்டினேன். மடைச்சி!

பிறகுதான் படிவம் வெளியே வந்தது. மாதாமாதம் வங்கியிலிருந்து காசு போகக் கையெழுத்து வேண்டுமாம். அப்போது எனக்குப் பகலில் கவுன்சில் வேலை, பின்னேரத்தில் சரித்திரப் படிப்பு. வெள்ளைக்காரன் தன் படையின் செலவை இலங்கையின் தலையில் கட்டியதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"அண்ணை, அந்தக் காலத்தில சட்டசபையில இருந்த சில பேர் கேட்டவை, செலவைத் தீர்மானிக்க எங்களுக்கு உரிமை இல்லை, பிறகேன் நாங்கள் காசு குடுக்கவேணும் எண்டு. கேட்டுப்போட்டு ராஜினாமாச் செய்தவை."

மேசைக்குக் கீழே கணவர் என் காலை மிதித்தார்.

மூத்தவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவைக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. வீட்டை போனவை."

"அவையின்ர அம்மாமார் எங்க இருந்தவை, தங்கச்சி?"

கூட வந்தவர் அம்மாவின் முழுப்பெயரை மரியாதையாகக் கேட்டு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் போனதும் கணவர் கத்தினார். "இருக்கிற வாய் காணாதெண்டே சரித்திரமும் படிக்கிறாய்?" நானும் திருப்பிக் கத்தினேன். இரண்டு பேருக்கும் பயம்.

மூன்று கிழமை நான் புத்தகத்தைத் தொடவில்லை. போன் அடித்தால் கணவரைத்தான் எடுக்கச் சொன்னேன். கையெழுத்துப் போட்டும், என் வாய்க்காக அம்மாவை மறித்துவிடுவார்களோ என்ற நினைப்பு.

ஒரு காலை அம்மா இயக்கத்தின் எல்லையைத் தாண்டி வவுனியாவிலிருந்து போன் எடுத்தா. குரலில் அப்படியொரு சந்தோசம்.

"வந்து சேந்திட்டன் பிள்ளை. மகள் லண்டனில இருந்து காசு குடுக்கிறா எண்டு என்னை முன்னுக்கு விட்டவை. பாஸ் வரிசையில எனக்கு முன்னால ஒருத்தி காய்ச்சல் பிள்ளையோட நிண்டவள். தமையன் கனடாவிலயாம், ஒண்டும் குடுக்கிறேல்லையாம். அவளைத் திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"சந்தோசம் அம்மா" என்றேன். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.